எலும்பத்தையின் நாக்கு

என் நாத்தனார் எதைக் கையில் எடுத்தாலும் அது அடுத்து அவர் நாக்குக்குத்தான் போகும். கல், ஓட்டுத் துண்டு, உடைந்த பீங்கான், எதுவானாலும் சரி. தெருவில் என்னோடு நடந்து வந்துகொண்டே இருப்பார், சட்டென்று குனிவார், வெள்ளையாக எதையோ பொறுக்குவார், கைக்குட்டையில் துடைத்து நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பார். "கல்லு" என்று சொல்லித் தூக்கி எறிந்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார். நாலு பேர் பார்க்கிறார்களே என்கிற கூச்சம் துளியும் கிடையாது. கூச்சப்படுகிற வேலையை எனக்கென்று விட்டுவைத்திருந்தார் போலிருக்கிறது.

அவர் வேலை அப்படி. மியூசியத்தின் பின்கட்டில், பாறைக்குள் புதைந்து கல்லாகிப்போன எலும்புகளை ஊசியாலும் தூரிகையாலும் சுரண்டி எடுக்கிற வேலை. சுரண்டும்போது எது எலும்பு, எது வெறும் கல் என்று கண்ணுக்குத் தெரியாதாம். நாக்கில் வைத்தால் தெரிந்துவிடுமாம். எலும்பில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும், ஈரத்தை இழுக்கும், அதனால் நாக்கில் ஒட்டிக்கொள்ளும். கல் ஒட்டாது. இதை என்னிடம் முதல்முதலாகச் சொன்னபோது, "கோடி வருஷத்துக்கு முன்னாடி செத்ததையா நக்கறீங்க?" என்று கேட்டேன். "புதுசா செத்ததுதான் நாறும்" என்றார். அவ்வளவுதான் பதில்.

அதற்கு முன்னால் பல்செட் செய்கிற பட்டறையில் இருந்தார். வாயை அச்செடுத்து, பிளாஸ்டரில் வார்த்து, அதற்குப் பல் கட்டுகிற வேலை. அந்தப் பேட்டையில் பாதிப் பேருடைய வாய் அவர் அலமாரியில் இருந்தது. மியூசியத்தில் எலும்புகளுக்குப் பிளாஸ்டரில் நகல் வார்க்க ஆள் தேவைப்பட்டபோது இங்கே வந்து சேர்ந்தார். பல்லிலிருந்து எலும்புக்குப் பதவி உயர்வு என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அக்காவை அவர் மட்டும்தான் கேலி செய்யலாம். வேறு யாராவது வாயைத் திறந்தால், அது நானாகவே இருந்தாலும், சண்டைக்கு வந்துவிடுவார்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "அதுக்கு நேரம் வரல" என்பார். எங்கள் வீட்டின் பின்னறை அவருடையது. அவர் துணிகளை உதறினால் வெள்ளைத் தூசு பறக்கும். முகம் கழுவுகிற தொட்டியில் எப்போதும் ஒரு வெள்ளைப் படலம். நான் தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்ததுதான் மிச்சம். எனக்கு வாய் நீளம், அதை நான் மறைப்பதில்லை. திரைச்சீலைக் கடையில் நாள் முழுக்க மெஷினை மிதித்துவிட்டு வருகிறவள், வீட்டில் பேசாமல் வேறு எங்கே பேசுவது? நான் அண்ணி என்று கூப்பிடுகிற இவருக்கோ வாயே கிடையாது. நாக்கு மட்டும்தான். நான் பத்து வார்த்தை கேட்டால் ஒரு "சரி" வரும். அந்தச் சரியைப் போல எரிச்சல் மூட்டுகிற வார்த்தை உலகத்தில் வேறு இல்லை.

பிள்ளைகள் இரண்டு பேருக்கும் அவர்தான் உயிர். பெரியவன் நாலாவது படிக்கிறான். சின்னவள் இன்னும் பள்ளிக்கூடத்தில் சரியாக உட்காரக்கூடப் பழகவில்லை. வீட்டில் அவள் பெயர் வாலு. அதற்கு விளக்கம் தேவையில்லை, ஐந்து நிமிஷம் எங்கள் வீட்டில் உட்கார்ந்தால் புரிந்துவிடும். இரண்டு பேரும் அவரை எலும்பத்தை என்றுதான் கூப்பிடுவார்கள். வேலைக்கு உதவாத சில்லுகளைக் கழுவி எடுத்து வந்து, 'எலும்பா கல்லா' என்று ஒரு விளையாட்டைப் பழக்கிவிட்டிருந்தார். ஆளுக்கு ஒரு சில்லு. நாக்கில் வைத்துச் சரியாகச் சொன்னால் அவர்கள் ஜெயித்தார்கள்.

"அண்ணி, இந்த நக்குற விளையாட்டு இந்த வீட்ல வேண்டாம். நாளைக்குக் குப்பையில கிடக்கறதை எடுத்து நக்கும்" என்றேன்.

"சரி" என்றார்.

விளையாட்டு நிற்கவில்லை. நான் கடையில் இருக்கிற நேரத்துக்கு மாறியது. எனக்குத் தெரியாதா என்ன? நான் கதவைத் திறக்கும்போது மூன்று பேரும் பாலைக் குடித்த பூனை மாதிரி உட்கார்ந்திருப்பார்கள்.

அன்றைக்கு எனக்குக் கடை விடுமுறை, பள்ளிக்கூடமும் விடுமுறை. வீட்டுக்காரர் லாரியோடு வெளியூர் போயிருந்தார். அத்தை வேலை செய்கிற இடத்தைப் பார்க்க வேண்டும் என்று பெரியவன் மாதக்கணக்கில் அரித்துக்கொண்டிருந்தான். சரி, தொலையட்டும் என்று இரண்டையும் கிளப்பிக்கொண்டு போனேன். அண்ணி வாசலில் காத்திருந்தார். வேலைக்குப் போடுகிற நீல மேலங்கியோடு அவரை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. வீட்டில் இருப்பதைவிட ஒரு சாண் உயரமாகத் தெரிந்தார்.

பெரிய கூடத்தின் நடுவில் ஒரு நீளக் கழுத்துப் பழங்காலப் பிராணியின் எலும்புக்கூடு நின்றது. சுற்றிலும் கயிறு கட்டியிருந்தார்கள். வாலு அண்ணாந்து பார்த்து, பார்த்து, பின்னாலேயே சாய்ந்து என் மேல் விழுந்தாள்.

"அத்தை, இது முழுக்க நிஜமா?" என்று பெரியவன் கேட்டான்.

"காலு நிஜம். இடுப்பு பாதி நிஜம். தலை நான் செஞ்சது."

பையன் முகம் தொங்கிவிட்டது. "அப்போ ஏமாத்து வேலையா?"

"பல்லு போனவங்க பல்செட் கட்டிக்கறாங்களே, அது ஏமாத்தா? தலை கிடைக்கல. தலை இல்லாம நிக்க வெச்சா நல்லாவா இருக்கும்?"

வாலுவுக்கு நிஜம், நகல் என்கிற கவலையெல்லாம் இல்லை. கயிற்றுக்குக் கீழே தலையை நுழைத்து, "ஒட்டுதான்னு பாக்கட்டா?" என்றாள். காவலாளி கண்ணை உருட்டினார். நான் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளி இழுத்தேன். அடுத்த அறையிலும் அதே கதை. கண்ணாடிக்குள் எலும்பு, கண்ணாடி மேல் 'தொடாதீர்கள்'. கொஞ்ச நேரத்தில் இரண்டு பேருக்கும் சுருதி இறங்கிவிட்டது. அத்தையின் எலும்பு என்றால் கையில் எடுக்கலாம், நாக்கில் வைக்கலாம் என்று நினைத்து வந்த பிள்ளைகள்.

அண்ணி அவர்கள் முகத்தைப் பார்த்தார். சுற்றுமுற்றும் ஒருமுறை பார்த்தார். "வாங்க, என் மேஜையைக் காட்டறேன்" என்றார்.

பின்கட்டுக்கு வெளியாட்கள் போகக் கூடாது, அதிலும் பிள்ளைகள் போகவே கூடாது என்பது எனக்கே தெரியும். கதவிலேயே எழுதி ஒட்டியிருந்தது. "வேண்டாம் அண்ணி, உங்களுக்கு எதுக்கு வம்பு" என்றேன்.

"மேலதிகாரி இன்னிக்கு லீவு. ரெண்டு நிமிஷம்" என்றார். அவர் அப்படி விதியை மீறி நான் பார்த்ததில்லை. பிள்ளைகளின் தொங்கிய முகம் அந்த மனுஷியை என்ன பாடு படுத்திவிட்டது பாருங்கள்.

நீளமான அறை. ஜன்னல் பக்கம் அவருடைய மேஜை. மணல் பைகளின் மேல் ஒரு பாறைத்துண்டு குழந்தை மாதிரிப் படுத்திருந்தது. மேலே வளைகிற கழுத்து கொண்ட விளக்கு, அதில் ஒரு பூதக்கண்ணாடி. பல்செட் பட்டறையிலிருந்தே கொண்டுவந்த ஊசிகள். கீழே பிளாஸ்டர் மூட்டை, கலக்குகிற ரப்பர் கிண்ணங்கள், மூலையில் குழாயும் தொட்டியும். எல்லாவற்றின் மேலும் அந்த வெள்ளைத் தூசு. என் வீட்டுத் தொட்டியில் படிகிறது எங்கேயிருந்து வருகிறதென்று அப்போதுதான் நேரில் கண்டேன்.

ஒரு தட்டை இழுத்து பிள்ளைகள் முன் வைத்தார். "இதுல இருக்கறதை மட்டும் தொடலாம். கழுவினது" என்றார். கடைசி வார்த்தை எனக்காக. பெரியவன் பூதக்கண்ணாடிக்குக் கீழே கண்ணைக் கொண்டுபோனான். பாறைக்குள்ளிருந்து ஒரு குட்டித் தாடை வெளியே வந்துகொண்டிருந்தது, அரிசி மாதிரிப் பற்களோடு. எனக்கும் ஆசை வந்துவிட்டது. நானும் குனிந்தேன். பையனுக்கும் எனக்கும் தலை முட்டிக்கொண்டது. அண்ணி ஊசி முனையால் ஒவ்வொரு பல்லாகக் காட்டிக்கொண்டிருந்தார். வீட்டில் பேசாத மனுஷி அங்கே பேசிக்கொண்டே இருந்தார்.

அப்போது பின்னாலிருந்து வாலுவின் குரல்.

"அத்தை, இது எலும்புதான். ஒட்டுது."

திரும்பினோம். தட்டுக்குப் பக்கத்தில் அவள் இல்லை. அடுத்த மேஜையின் அருகில் ஒரு முக்காலியில் ஏறி நின்றுகொண்டிருந்தாள். அவள் முன்னால் ஒரு ஓநாயின் தலை. அந்தக் காலத்தில் வேட்டையாடி, தோலை உரித்து, பஞ்சடைத்துப் பாடம் செய்து சுவரில் மாட்டுவார்களே, அந்த மாதிரி. வாயைப் பிளந்துகொண்டிருந்தது. வாலுவின் உதடு, நாக்கு, மூக்கு நுனி எல்லாம் வெள்ளை. ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் சிரித்தாள்.

அண்ணி கையிலிருந்த ஊசி கீழே விழுந்தது. அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. ஒரே தாவலில் பிள்ளையைத் தூக்கித் தொட்டியில் உட்காரவைத்து, குழாயைத் திறந்து, ஈரத் துணியை நாக்கில் வைத்துத் துடைக்க ஆரம்பித்தார். "துப்பு. விழுங்காதே. துப்பு. மறுபடி துப்பு." பிள்ளை மிரண்டு கத்தியது.

"என்ன அண்ணி, பிளாஸ்டர்தானே?" என்றேன். அந்த அறையில் வெள்ளையாக இருந்ததெல்லாம் பிளாஸ்டர்தானே. அதற்கு ஏன் இந்த ஆர்ப்பாட்டம் என்றுதான் நினைத்தேன்.

"பிளாஸ்டரா இருக்கலாம்" என்றார். துடைப்பதை நிறுத்தவில்லை. "இல்லாமலும் இருக்கலாம்."

"இல்லாம வேற என்ன?"

"பழைய தோலுக்குள்ள பாஷாணம் தடவியிருப்பாங்க. பூச்சி அரிக்காம இருக்க. ஆர்செனிக்."

பாஷாணம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். யாருக்குத்தான் தெரியாது?

அந்த ஓநாய்க்கு ஒரு பல் உடைந்திருந்ததாம். பல்செட் கட்டினவர் இருக்கிறாரே என்று அண்ணியிடம் அனுப்பியிருக்கிறார்கள். அவர் பிளாஸ்டரில் ஒரு பல் செய்து முந்தின நாள்தான் பொருத்தியிருந்தார். எப்போதும் அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் உறை மாட்டியிருக்கும், சிவப்பு எழுத்தில் எச்சரிக்கையோடு. பிளாஸ்டர் காய வேண்டுமென்றால் காற்று பட வேண்டும். அதனால் உறையைக் கழற்றி வைத்திருந்தார். வேலை தெரிந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. பல்லைச் சுற்றிப் படிந்திருந்த வெள்ளை அவர் சிந்திய பிளாஸ்டரா, வெடித்துப்போன உதட்டுத் தோலுக்குள்ளிருந்து உதிர்ந்த விஷமா? இரண்டும் வெள்ளை. பார்த்தால் தெரியாது.

"தண்ணி ஊத்திக்கிட்டே இரு. விழுங்க விடாதே" என்று பிள்ளையை என்னிடம் தள்ளிவிட்டு ஓநாய்த் தலையிடம் போனார். ஒரு காகிதத்தில் அந்தப் பொடியைக் கொஞ்சம் சுரண்டி மடித்துப் பையில் போட்டார். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அந்தத் தலையின் மேல் குனிந்தார். அந்தக் குனிவு எனக்குத் தெரியும். தெருவில், கடைவாசலில், பஸ் நிறுத்தத்தில் எத்தனை தடவை பார்த்து மானம் போயிருக்கிறது.

"அண்ணி, பைத்தியமா உங்களுக்கு? இங்க பிள்ளை சாகக் கிடக்கு, அங்க நின்னு நக்கிக்கிட்டிருக்கீங்க."

நிமிர்ந்தபோது வாயைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். "வா, போகலாம்" என்றார்.

டாக்ஸியில் வாலு என் மடியில். அழுது முடித்துவிட்டு ஜன்னல் வழியாக வண்டிகளை வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. பெரியவன் முன்சீட்டிலிருந்து திரும்பி, "அம்மா, பாப்பா செத்துருவாளா?" என்றான்.

"வாயை மூடிக்கிட்டு வா" என்றேன். டிரைவர் வேகத்தைக் கூட்டினார்.

அண்ணி என் பக்கத்தில் உட்கார்ந்து கைகளைத் தொடையில் வைத்திருந்தார். நான் அவரை என்னென்ன சொன்னேன் என்பதற்குக் கணக்கில்லை. படித்துப் படித்துச் சொன்னேனே, அந்த விளையாட்டு வேண்டாமென்று சொன்னேனே, பிள்ளைக்கு எதை நக்கலாம் எதை நக்கக் கூடாது என்று தெரியுமா, பழக்கிவிட்டது யார் என்று கேட்டேன். "நான்தான்" என்றார். வழக்கமான 'சரி' வந்திருந்தால் அன்றைக்கு ஓடுகிற வண்டியிலிருந்து அவரைத் தள்ளியிருப்பேன்.

வீட்டுக்காரருக்கு போன் போட்டேன். லாரிச் சத்தத்துக்கு நடுவே எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அக்கா கூட இருக்குல்ல?" என்றார்.

"உங்கக்காவாலதான் இந்த நிலைமையே."

"அக்கா இருந்தா பாத்துக்கும். நான் வண்டியைத் திருப்பிட்டேன்" என்றார். போனை வைத்துவிட்டேன். அந்தக் குடும்பத்துக்கே மூளை கிடையாது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர். இளவயது, ஆனால் நிதானமானவர். என்ன நடந்தது என்று கேட்டார். அண்ணி ஒன்றையும் மறைக்கவில்லை. விதியை மீறிப் பிள்ளைகளை உள்ளே கூட்டிப்போனது, உறையைக் கழற்றி வைத்தது, இரண்டு விதமான வெள்ளை, எல்லாவற்றையும் சொல்லிப் பொட்டலத்தை நீட்டினார். வேலை போய்விடுமே என்று ஒரு வார்த்தையைக் கூட மென்று விழுங்கவில்லை.

டாக்டர் பொட்டலத்தையும் வாலுவின் சிறுநீரையும் சோதனைக்கு அனுப்பினார். "ரிசல்ட் நாளைக்குக் காலையிலதான் வரும். இங்க அந்த வசதி கிடையாது" என்றார்.

"அதுவரைக்கும் என் பொண்ணு?"

"மாத்து மருந்து இருக்கும்மா. ஊசி. ஆனா லேசான மருந்து இல்ல. ரொம்ப வலிக்கும், ஜுரம் வரும், ரத்த அழுத்தம் ஏறும். திரும்பத் திரும்பப் போடணும். அது வெறும் பிளாஸ்டரா இருந்தா, ஒண்ணுமே இல்லாததுக்கு ஒரு சின்னக் குழந்தையை வதைச்ச மாதிரி ஆகும். இப்போதைக்கு அவ நல்லாத்தான் இருக்கா."

"விஷமா இருந்தா?"

"விஷமா இருந்தா, எவ்வளவு சீக்கிரம் போடறோமோ அவ்வளவு நல்லது."

போடவும் முடியாது, போடாமல் இருக்கவும் முடியாது. இதைக் கேட்டுவிட்டு ஒரு தாய் எங்கே போய் முட்டிக்கொள்வது? பக்கத்தில் வாலு கட்டில் கம்பியில் காலை ஆட்டிக்கொண்டு, பிஸ்கட் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அண்ணி வாயைத் திறந்தார். "டாக்டர், என்னையும் ஒரு பெட்ல படுக்க வைங்க."

"உங்களுக்கு என்ன?"

"அதே இடத்துல நானும் நக்கியிருக்கேன். அவளைவிட அதிகமா. வாய் கொப்புளிக்கல, விழுங்கிட்டேன். அவளுக்கு என்ன பண்ணுதுன்னு அவளுக்குச் சொல்லத் தெரியாது. வயித்து வலின்னா வயிறுன்னும் சொல்லுவா, முட்டின்னும் சொல்லுவா. எனக்குச் சொல்லத் தெரியும். அது விஷம்னா எனக்கு முதல்ல வரும். வந்த உடனே சொல்றேன். நீங்க அவளுக்கு ஊசியைப் போடலாம். எனக்கு ஒண்ணும் வரலன்னா பிளாஸ்டர்."

டாக்டருக்குக் கோபத்தில் முகம் சிவந்துவிட்டது. "என்ன முட்டாள்தனம் இது? இது ஆஸ்பத்திரி. உங்களை யாரு நக்கச் சொன்னா? ஒரு நோயாளியை ரெண்டாக்கிட்டு வந்து நிக்கறீங்க."

"ஆமா" என்றார் அண்ணி.

நான் வாயடைத்து நின்றேன். என் வாழ்க்கையில் அது நடந்ததே இல்லை.

பக்கத்துப் பக்கத்துக் கட்டில். நடுவில் ஒரு ஸ்டூலில் நான். பெரியவனை நர்ஸ் ஒருவர் வெளியே பெஞ்சில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்திருந்தார். அண்ணியின் கையில் ஊசியைக் குத்தி ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். அவர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். நான் ஒரு தடவை இந்தப் பக்கம் பார்ப்பேன், ஒரு தடவை அந்தப் பக்கம் பார்ப்பேன்.

என்ன வேண்டிக்கொள்வது என்றே எனக்குத் தெரியவில்லை. இவருக்கு ஒன்றும் ஆகக் கூடாது, ஆகாவிட்டால் அது பிளாஸ்டர், என் பிள்ளைக்கு ஆபத்தில்லை. அப்படித்தான் வேண்டினேன். ஆனால் நேரம் போகப் போக இன்னொரு பயம் பிடித்தது. இவருக்கு வருவதற்கு முன்னால் அவளுக்கு வந்துவிட்டால்? சின்ன உடம்பு. வரத்தான் போகிறதென்றால், கடவுளே, இவருக்கு முதலில் வரட்டும். மனசில் அப்படி ஓடியது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, பெற்றவளுக்கு அப்படித்தான் ஓடும்.

"இப்போ எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டேன். "ஒண்ணும் இல்ல" என்றார். வாலு அரைத் தூக்கத்தில் இருந்தாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், சூடு இல்லை. எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. பிளாஸ்டராகத்தான் இருக்கும் என்று டாக்டரும் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார். வீட்டுக்குப் போனதும் இவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுகிறேன் என்று திட்டமெல்லாம் போட்டுவிட்டேன்.

அண்ணி கண்ணைத் திறந்தார்.

"வாயில இரும்பு ருசி" என்றார்.

"என்ன?"

"சாவியை வாயில வெச்ச மாதிரி. தொண்டை எரியுது." எழுந்து உட்கார்ந்தார். முகம் வெளுத்து, மேலுதடு முழுக்க வேர்த்திருந்தது. ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறு கையைத் தூக்கி நர்ஸைக் கூப்பிட்டார். "சிஸ்டர், ஆரம்பிச்சிருச்சு. விஷம்தான். டாக்டரைக் கூப்பிடுங்க. அவளுக்குப் போடச் சொல்லுங்க." அதற்கு மேல் பேச முடியவில்லை. கட்டிலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தார்.

டாக்டர் ஓடிவந்தார். ஒருமுறை அண்ணியைப் பார்த்தார், ஒருமுறை வாலுவைப் பார்த்தார். தயங்கவில்லை. "ரெண்டு பேருக்கும் எடுங்க" என்றார். நர்ஸ் முதல் ஊசியை ஏற்றிக்கொண்டு, துடித்துக்கொண்டிருந்த அண்ணியின் பக்கம்தான் வந்தார். அது நியாயமும்கூட. அண்ணி அந்த நிலையிலும் நான் எழுந்துவிட்ட ஸ்டூலைக் காலால் தள்ளி வழியை மறித்தார். தலையை வாலுவின் பக்கம் ஆட்டினார்.

வாலுவின் காலைப் பிடித்துக்கொண்டது நான்தான். "அம்மா, நான் இனிமே நக்க மாட்டேன், நக்க மாட்டேன்" என்று கதறினாள். ஊசி இறங்கி முடியும் வரைக்கும் நான் பிடியை விடவில்லை. முடிந்து திரும்பியபோது பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. அண்ணியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டிருந்தார்கள்.

சாயங்காலம் வாலுவும் வாந்தி எடுத்தாள். ஆனால் அதற்குள் மருந்து அவள் உடம்புக்குள் இருந்தது. ராத்திரி ஜுரம் வந்தது, காலையில் இறங்கியது. இறங்கியதும் பிஸ்கட் கேட்டாள். பெரியவன் தன் பங்கையும் கொடுத்தான். அவர்கள் அப்பா எண்ணெய் அப்பின சட்டையோடு வந்து சேர்ந்து, கட்டில் காலடியில் உட்கார்ந்து அழுதார்.

ரிசல்ட் வந்தது. ஆர்செனிக். பிளாஸ்டர் பேருக்குக் கொஞ்சம்.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "குழந்தை தப்பிச்சாச்சு. இந்தக் காகிதம் வர்ற வரைக்கும் காத்திருந்தா என்னால இப்படிச் சொல்லியிருக்க முடியாது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அவங்க பொழைச்சுக்குவாங்க. ஆனா ரொம்ப நாளாகும். கை கால் மரத்துப்போகலாம், பழைய மாதிரி நுணுக்கமான வேலை செய்ய முடியுமான்னு இப்போ சொல்ல முடியாது. அவங்க உடம்புக்குள்ள போயிருக்கறது ஒரு நக்கு, ரெண்டு நக்கு இல்லம்மா. என்ன நடந்துச்சுன்னு நீங்க கொஞ்சம் கேளுங்க. என்கிட்ட சரியாச் சொல்ல மாட்டேங்கறாங்க."

அண்ணியை வேறு அறையில் வைத்திருந்தார்கள். இரண்டு கையிலும் குழாய். உதடு வெடித்திருந்தது. என்னைப் பார்த்ததும், "எப்படி இருக்கா?" என்றார். குரலே வரவில்லை.

"பிஸ்கட் தின்னுக்கிட்டிருக்கா. அண்ணி, நீங்க எவ்வளவு நக்கினீங்க?"

கூரையைப் பார்த்தார். "கொஞ்சமா நக்கினா எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் பெரிய உடம்பு. அவளுக்கு வர்றதுக்கு முந்தி எனக்கு வரணும்ல."

"அதைக் கேக்கல. எவ்வளவு?"

"வெள்ளையா இருந்தது தீர்ற வரைக்கும்" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அறிவிருக்கா உங்களுக்கு, பொட்டலத்தை நீட்டினது போதாதா, உங்களுக்கு ஒண்ணு ஆகியிருந்தா உங்க தம்பி முகத்துல நான் எப்படி முழிக்கிறது, என் பிள்ளைங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது, பெரிய மகராசின்னு நினைப்பா என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். நர்ஸ் வந்து, "நோயாளியைத் திட்டறதா இருந்தா வெளிய போங்க" என்றார். நான் போகவில்லை. போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவர் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அழுதுகொண்டே திட்டினேன். அண்ணி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்க நிறுத்தினபோது, "சரி" என்றார்.